பன்னிரண்டு நீல டிரம்

உலோகத்துக்கு முலாம் பூசும் தொழிற்சாலை அது. அதன் கழிவுக் கொட்டகைக்குப் பொறுப்பு நவமணி. வயது முப்பத்தாறு. அவளிடம் சீடராக வந்த திருமேனிக்கு ஐம்பத்திரண்டு. பதவி உயர்வோடு கொட்டகைக்கு வந்தவரிடம், மூன்று மாதம் நவமணியிடம் கற்றுக்கொண்ட பிறகு பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கதையில் குருதான் சீடரை ‘சார்’ என்று கூப்பிடுவாள்.

சீடருக்கு ஒரே ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. ரசாயனம் வந்த நீல டிரம் காலியானதும் மூன்று முறை கழுவுவார்கள். பிறகு நவமணி அதைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் மூன்று ஓட்டை போடுவாள். ஓட்டை விழுந்த டிரம்தான் உருக்கி மறுசுழற்சி செய்யும் இடத்துக்குப் போகும். நல்ல டிரம் இப்படிப் பாழாவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

அது சித்திரை மாதம். பின்னாலிருக்கும் குடியிருப்புக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் லாரி வரும். பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லை. கடையில் புது டிரம் வாங்க அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அங்கே குடியிருந்து, கேன்டீனில் வேலை செய்யும் கன்னியம்மா வந்து காலி டிரம் கேட்டாள். பன்னிரண்டு டிரம் தருவதாகத் திருமேனி வாக்குக் கொடுத்துவிட்டார். தானே நின்று கழுவ வைத்தார். கழுவிய தண்ணீரைச் சோதனைக்கும் அனுப்பினார். சுத்தம் என்று தாள் வந்தது. அந்தத் தாளை நீட்டித்தான் அன்று காலை கேட்டார்.

“சுத்தமான டிரம்முக்கு எதுக்கும்மா ஓட்டை? சந்தேகம்னா மண்டையோடு படம் ஒட்டிடலாமே?”

“படம் வெயில்ல உரிஞ்சுடும் சார். ஓட்டை உரியாது.”

சீடர் விடவில்லை. நவமணி அவரை வெளியே உட்காரச் சொன்னாள். கால் மணி நேரம் கழித்து அழைத்தபோது கொட்டகையில் பதின்மூன்று டிரம் நின்றன. ஒன்றிலும் லேபிள் இல்லை. பன்னிரண்டு கழுவியவை, ஒன்று அன்றைக்குக் காலியாகிக் கழுவாமல் இருப்பது, அதன் அடியில் மட்டும் சாக்குக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன், கண்டுபிடியுங்கள் என்றாள்.

இருபத்தெட்டு வருஷ அனுபவம். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எதிலும் வாசனை இல்லை. பார்க்கும்போதே, இருப்பதில் பளிச்சென்ற ஒன்றைக் கன்னியம்மாவுக்கென்று ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு நான்காவதைக் காட்டினார். நவமணி கவிழ்த்தாள். கோடு இல்லை. ஒன்பதாவதைக் காட்டினார். அதிலும் இல்லை.

நவமணி நேரே போய், ஓரமாக நின்ற டிரம்மைக் கவிழ்த்தாள். அடியில் வெள்ளைக் கோடு.

அதிலிருந்து ஒரு குழந்தை தண்ணீர் மொள்ளுவது திருமேனியின் கண்ணில் வந்து நின்றது.

“இனிமே ஒவ்வொண்ணையும் நானே பார்த்துக் கொடுக்கறேன்.”

“நீங்க லீவு போடற அன்னைக்கு?”

நவமணி வாசல் கேட்டைக் காட்டினாள்.

“இந்தக் கேட்டைத் தாண்டி ஒரு டிரம் முழுசாப் போகட்டும் சார். அதுக்கப்புறம் இங்கேருந்து போற எல்லா டிரம்மும் ஜனங்களுக்குத் தண்ணி டிரம்தான்.”

திருமேனி துளைபோடும் மிஷினைத் தானே எடுத்தார். பதினொன்றுக்கு ஓட்டை போட்டாயிற்று. பன்னிரண்டாவதில் கை நின்றது.

“கன்னியம்மாகிட்ட வாக்குக் கொடுத்துட்டேனேம்மா. நாளைக்குக் காலையில வந்து நிப்பாங்க.”

நவமணி டிரம் ஆடாமல் இருக்க ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

“கடையில புது டிரம் கிடைக்குது. வாக்குக் கொடுத்தது நீங்கதானே சார்? அதை எதுக்கு இந்த டிரம் காப்பாத்தணும்?”