நன்றி, மீண்டும் வருக

"குருவம்மா, நீ செஞ்சு குடுத்த போர்டு ஒரு ஆளைக் கொன்னுரும் போலிருக்கு."

வெள்ளிக்கிழமை காலை, குருவம்மாவின் கடைக்குள் நுழைந்ததும் சவரிமுத்து சொன்ன முதல் வார்த்தை இது.

குருவம்மா நிமிரவில்லை. அக்ரிலிக் தகட்டில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸ்டாண்டு என்ன பண்ணுச்சு அண்ணாச்சி? யார் காலுலயாவது விழுந்துச்சா?"

"விழல. வெச்ச இடத்துலதான் நிக்குது."

"அப்புறம்?"

"படிச்சிட்டாரும்மா."

குருவம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

குருவம்மா என்பதை ஏதோ பட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். பெற்றவர்கள் வைத்த பெயர். விருதுநகர்ப் பக்கம் தெருவுக்கு இரண்டு குருவம்மா கிடைப்பார்கள். இவளுக்கு வயது முப்பத்தாறு. கடைகளில் மேசைமேல் கண்ணாடி போல நிற்குமே, உள்ளே காகிதம் செருகிய பிளாஸ்டிக் ஸ்டாண்டு, அதைச் செய்து தருகிறவள். ஓட்டலில் 'இன்றைய ஸ்பெஷல் பருத்திப்பால்' என்று நிற்பதும், வங்கியில் 'உணவு இடைவேளை' என்று நிற்பதும், ஜவுளிக்கடையில் 'வெட்டிய துணி திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று முறைப்பதும் அவள் கைவேலைதான்.

போர்டில் என்ன எழுதுவது என்று கேட்க வருகிறவர்கள், வந்த வாக்கில் மனசில் இருக்கும் மற்ற கேள்விகளையும் கேட்டுவிட்டுப் போவார்கள். பதில் வருமென்று நிச்சயமில்லை. வந்தாலும் கேட்டதற்கு வராது.

சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் மிட்டாய்க்கடையில் நின்றவர். இப்போது ஒன்பது கட்டில் போட்ட ஒரு டயாலிசிஸ் மையத்தில் முன்மேசை அவர் பொறுப்பு. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மூன்று முறை வந்து, நாலு மணி நேரம் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம் அது.

வருகிறவர்களுக்குத் தகவல் சொல்ல அவர் மேசையில் நாலு ஸ்டாண்டுகள் இருந்தன. செருப்பை வெளியே விடவும். துணைக்கு ஒருவர் மட்டும். எடை பார்த்தபின் உள்ளே செல்லவும். கைபேசியில் சத்தம் வேண்டாம். எல்லாம் அதட்டலாகவே இருக்கிறதே, கிளம்புகிறவர்களுக்கு இனிமையாக ஒன்று இருக்கட்டும் என்று மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஐந்தாவது ஸ்டாண்டு வந்தது. பூப்போட்ட கரை, சிவப்பு எழுத்து.

நன்றி, மீண்டும் வருக.

அவரைக் குறை சொல்ல முடியாது. அல்வா வாங்கிப் போகிறவனுக்கு இருபது வருடமாக அதைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

"படிச்சது யாரு?" என்றாள் குருவம்மா.

"சீனிச்சாமி. பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. மூணு வருஷமா ஒரு நாள் தவறாம வர்ற மனுஷன். செவ்வாக்கிழமை போறப்ப அத நின்னு படிச்சாரு. ரெண்டு தடவ படிச்சாரு. ஒண்ணும் சொல்லல. வியாழக்கிழமை வரல. போன் போட்டா, 'இனிமே வரல, என் கட்டில வேற யாருக்காவது குடுத்துருங்க'ங்கறாரு."

"வரலேன்னா?"

"ஒண்ணு தவறிருச்சு. நாளைக்கும் தவறுனா நெஞ்சுல நீர் ஏறிரும்னு டாக்டர் சொல்றாரு. அப்புறம் கூப்பிட்டாலும் வர முடியாது."

குருவம்மா அளவுகோலை ஓரமாக நகர்த்தினாள்.

"வேற போர்டு செஞ்சு குடு தாயி. எதப் படிச்சா அவர் வருவாரோ, அத எழுதிக் குடு."

குருவம்மா வெட்டிய தகடு ஒன்றை எடுத்தாள். நடுவில் கம்பி பழுக்கக் காய்ந்துகொண்டிருக்கும் பலகைமேல் அதை வைத்தாள். கோடு கம்பிக்கு நேராக இருந்தது.

"வளைங்க," என்றாள்.

சவரிமுத்துவுக்கு அவசரம். இரண்டு முனையையும் பிடித்து அழுத்தினார். படக்கென்று தகடு இரண்டாக உடைந்தது.

"ஐயையோ."

அவள் இன்னொன்றை எடுத்து வைத்தாள்.

இந்த முறை அவர் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். விசிறி சுற்றியது. தெருவில் ஒரு லாரி போனது. கொஞ்ச நேரத்தில் தகடு கைக்குள் மெல்லத் தளர்ந்தது. அவர் ஒன்றுமே செய்யவில்லை. அது பாட்டுக்கு வளைந்தது.

ஆறியதும் மேலே ஒட்டியிருந்த மெல்லிய தாளை உரித்து, ஸ்டாண்டை அவர் கையில் கொடுத்தாள்.

"காலியா இருக்கே. என்ன எழுதுறது?"

"எனக்கென்ன தெரியும்? படிக்கப் போறவர்கிட்ட கேளுங்க."

சவரிமுத்து அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா."

"என்ன அண்ணாச்சி," என்றாள் குருவம்மா, "போர்டு மாதிரி பேசுறீங்க."

*

சாயங்காலம் ஐந்து மணிக்கு சவரிமுத்து பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் சீனிச்சாமி வீட்டுக்குப் போனார்.

சீனிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அவர் மனைவி பேச்சியம்மாள் "வாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து சவரிமுத்து கையில் கொடுத்தாள். ஒரே ஒரு டம்ளர். சீனிச்சாமிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளவு.

சவரிமுத்து டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"குடிங்க அண்ணாச்சி," என்றார் சீனிச்சாமி. "நான் பாத்துக்கிட்டிருக்கேன். அதுவே எனக்குக் குடிச்ச மாதிரிதான்."

சவரிமுத்து குடித்தார். டாக்டர் சொன்னது, சீனிச்சாமியின் மகள் கல்யாணம், பேரப்பிள்ளை என்று சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து சீனிச்சாமியே ஆரம்பித்தார்.

"மூணு வருஷமா வாரேன். ஒரு நாளும் எண்ணிப் பாத்ததில்ல. இன்னைக்குப் போகணும், போனேன், வந்தேன். அவ்வளவுதான். அந்தச் செவப்பு எழுத்தப் படிச்சேன் பாருங்க, அப்பத்தான் உறச்சுது. இந்த ரூட்டுக்குக் கடைசி ஸ்டாப்பே கிடையாது. மீண்டும் வருக, மீண்டும் வருக, மீண்டும் வருக. பெறகு ஒருநாள் வர முடியாமப் போகும். அதுக்கும் ஒரு போர்டு வெப்பீகளா?"

"தப்பாப் போச்சு சார்."

"உங்கமேல கோவமில்ல. அலுப்பா இருக்கு. அவ்வளவுதான்."

சவரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காலையில ஆறு மணிக்கு வாசல்ல உங்க இருமல் கேக்கும். 'கண்டக்டர் வந்துட்டாரு'ன்னு நெனச்சுக்குவேன். ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்குவேன். உங்களுக்கு மட்டுமில்ல, வர்ற ஒவ்வொருத்தருக்கும். இன்னைக்கும் வந்துட்டாங்களேன்னு அம்புட்டு சந்தோஷம் எனக்கு. அதத்தான் 'நன்றி'ன்னு எழுதினேன். எழுதிப் பாத்தா மிட்டாய்க்கடை மாதிரி ஆயிருச்சு."

சீனிச்சாமி அவரையே பார்த்தார். பேச்சியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து ஆறு மணிக்கு இருமல் கேக்கல சார். எனக்கு எதுவுமே ஓடல."

சவரிமுத்து கையிலிருந்த ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது என்ன கையில?" என்றார் சீனிச்சாமி கடைசியில்.

"ஸ்டாண்டு. காலிதான்."

"காலி போர்ட எதுக்குத் தூக்கிட்டு அலையுறீக?"

"என்ன எழுதணும்னு தெரியல. படிக்கப் போறவர்கிட்ட கேளுன்னு சொல்லிவிட்டாங்க."

"என்கிட்ட என்ன இருக்கு? முப்பது வருஷம் ஜனங்கள இறக்கிவிட்ட ஆளு நானு. 'எறங்கு எறங்கு'ன்னுதான் சொல்லியிருக்கேன். ஒருத்தரையும் மறுபடி வாங்கன்னு சொன்னதில்ல."

அதற்குமேல் கேட்க சவரிமுத்துவுக்கு மனம் வரவில்லை. எழுந்தார். காலி ஸ்டாண்டை எடுத்துக்கொண்டார்.

"சரிங்க சார். போயிட்டு வாரேன்."

"ம். போயிட்டு வாங்க."

வாசலில் ஒரு செருப்பை மாட்டினார். அடுத்ததை மாட்டவில்லை. அப்படியே திரும்பினார்.

"சார், இப்ப என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வாங்கன்னேன்."

"நான் திரும்பி வரணும்னா சொன்னீங்க?"

"இது என்ன கேள்வி? வீட்டுக்கு வந்தவுகள வேற எப்பிடிய்யா அனுப்புவாக? வெறும் 'போங்க'ன்னா சொல்லுவாக?"

"எங்க மையத்துல நீங்க ஒருநாளும் சொல்லிக்கிட்டுப் போனதில்லையே."

"ஆஸ்பத்திரியில 'வாரேன்'னு சொல்லக் கூடாதுல்ல."

"ஏன் சார்?"

"மறுபடி வர வேண்டியதாப் போயிருமே," என்று சொன்ன சீனிச்சாமி, பாதி வாயைத் திறந்தபடி பேச்சை நிறுத்தினார்.

முதலில் சிரித்தது பேச்சியம்மாள்தான்.

"மூணு வருஷமா சொல்லாமத்தான் போயிட்டுப் போயிட்டு வந்துக்கிட்டிருக்கீக," என்றாள்.

சீனிச்சாமிக்கு மூச்சு வாங்கியது. இருந்தும் சிரித்தார். சவரிமுத்துவும் ஒற்றைச் செருப்போடு நின்று சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேச்சியம்மாளிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். இரண்டையும் சீனிச்சாமியின் மடியில் வைத்தார்.

"இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க."

"நானா? என் எழுத்து கோணலா இருக்குமே."

"இருக்கட்டும்."

பஸ் குலுங்கக் குலுங்க எழுதிப் பழகிய கை. உட்கார்ந்த இடத்திலும் குலுங்கியது. 'போயிட்டு' மேலே ஏறியது. 'வாங்க' கீழே சரிந்தது. சவரிமுத்து அதை ஸ்டாண்டில் செருகிக்கொண்டு நடந்தார். நாளைக்கு வாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று சீனிச்சாமியும் சொல்லவில்லை.

*

சனிக்கிழமை ஆறு மணிக்கு இருமல் கேட்கவில்லை.

ஆறு பத்துக்கும் கேட்கவில்லை. எட்டுப் பேர் எடை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நர்ஸ் வந்து, "அஞ்சாம் நம்பர் கட்டில் காலியா இருக்கே, அடுத்தவங்கள வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா," என்றார் சவரிமுத்து.

ஆறே காலுக்கு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. இறங்கியவர் உடனே நடக்கவில்லை. பேச்சியம்மாள் தோளைப் பிடித்து நின்று மூச்சு விட்டுக்கொண்டார். பிறகு வாசற்படி ஏறி, நேரே மேசைக்கு வந்தார்.

"என் எழுத்து நல்லால்லேன்னு மாத்தி அச்சடிச்சிட்டீகளோன்னு பாக்க வந்தேன்," என்றார் சீனிச்சாமி.

"மாத்தல சார்."

பூப்போட்ட கரையும் சிவப்பு எழுத்தும் அங்கே இல்லை. அந்த இடத்தில் வெள்ளைத் தாளில் நீல மை. சீனிச்சாமி தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார்.

"கொஞ்சம் நிதானமா எழுதியிருக்கலாம்," என்றார்.

"ஐயா, எடை பாத்துட்டு வாங்க, நேரமாச்சு," என்று உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

"வந்தது வந்தாச்சு," என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

கதவு மூடியதும் சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. கர்த்தருக்கும், பேச்சியம்மாளுக்கும், உடைந்துபோன அந்த முதல் தகட்டுக்கும்கூட மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னார்.

பத்தரை மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். சீனிச்சாமி கடைசியில் வந்தார். முகம் வெளுத்திருந்தது, பாதத்தில் வீக்கம் பாதி வடிந்திருந்தது. மேசையைக் கடந்தார். போர்டைப் பார்க்கவில்லை. சவரிமுத்துவையும் பார்க்கவில்லை. மூன்று வருடமாக எப்படிப் போவாரோ அப்படியே, வாய் திறக்காமல் வாசலைத் தாண்டினார்.

சவரிமுத்து பதிவேட்டைப் புரட்டுவது போல உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கமும் கண்ணில் படவில்லை.

ஆட்டோ உறுமியது. அடுத்த செவ்வாய்க்கிழமை என்ன ஆகுமோ என்று நினைத்தபடி சவரிமுத்து பதிவேட்டை மூடினார்.

உறுமல் நின்றது.

"என்னத்த மறந்தீக?" என்று பேச்சியம்மாள் குரல் கேட்டது.

சீனிச்சாமி திரும்பி வந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிக்காமப் போறேன் பாருங்க," என்றார்.

சவரிமுத்து எழுந்து நின்றார்.

"வாரேன் அண்ணாச்சி."