சின்னப் பிளேயர் ஏன் எப்போதும் முதல் பாட்டிலேயே தொடங்குகிறது

“ஏல சங்கரா, காலையில இருந்து பதினோரு பாட்டு கேட்டிருக்கா உன் பொண்டாட்டி! பதினோரு பாட்டு! இந்த வீட்டுல வேலையை யாரு பாக்கா?”

வடிவு இதைத் தம்பியிடம்தான் சொன்னாள்; ஆனால் தெருக்கோடி வரை கேட்டது. சங்கரன் வழக்கம்போலச் செய்தித்தாளுக்குள் போய்விட்டான். அவன் மனைவி ஆவுடை அடுக்களையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முறம் நிறைய உரித்தாயிற்று. அதை யாரும் எண்ணவில்லை. பாட்டை மட்டும் எண்ணினார்கள்.

எண்ணிச் சொன்னது அவளுடைய பாட்டுப் பிளேயரேதான். சாமான்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில் ஒரு பெண்ணால் தன் வீட்டில் எதையும் மறைக்க முடியாது. எத்தனை விசில் அடித்தேன் என்று குக்கர் சொல்லும். யார் உள்ளே கை விட்டார்கள் என்று சர்க்கரை டப்பா சொல்லும். பொய் சொல்ல மட்டும் அவற்றுக்குத் தெரியாது.

ஆவுடையின் பிளேயர் தீப்பெட்டி அளவு. திருவிழாக் கடையில் வாங்கியது. சத்தம் வைத்தால் ஒன்று எறும்பு முணுமுணுக்கிற மாதிரி, இல்லையென்றால் கல்யாண மண்டபம் மாதிரி. நடுவில் எதுவும் கிடையாது. இடது காதில் பாட்டு வருவது அதன் இஷ்டம். ஆனால் ஞாபகம் மட்டும் அபாரம். எந்தப் பாட்டில், எந்த வரியில் நிறுத்தினாலும் மறுநாள் அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

வினையே அதுதான். தினமும் சாயங்காலம் வடிவு அதைக் கையில் எடுத்து, “எங்க நிக்கே?” என்பாள். அதுவும், “பன்னிரண்டாம் பாட்டு, ரெண்டாவது சரணம், மதினி,” என்று பரீட்சைப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கும்.

அன்று வடிவு அதை முதல் பாட்டுக்குத் திருப்பி வைத்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டாள். “நாளைக்கு நான் கேக்கும்போது முதல் பாட்டைத் தாண்டி இருந்துச்சோ, இது என் பீரோவுக்குள்ள போயிரும். பாத்துக்கோ.”

முதல் பாட்டு எது தெரியுமா? ஒரு வளைகாப்பில் வடிவே பாடியது. பதினோரு நிமிடம், நடுவில் வந்த இருமல் உட்பட. அக்காவுக்குப் பயந்து சங்கரன்தான் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றி வைத்திருந்தான்.

நாளெல்லாம் ஆவுடைக்கு என்று இருந்தது அந்தப் பாட்டுகள் மட்டும்தான். மறுநாள் முதல் பாட்டோடு நிறுத்தத்தான் நினைத்தாள். பதினோரு நிமிடம் அதைத் தாங்கியவளின் கட்டைவிரல் தானாக அடுத்த பொத்தானுக்குப் போயிற்று. ஒன்பதாம் பாட்டு பாதியில், கூடத்தில் வடிவின் செருப்புச் சத்தம்.

“வர்றாங்க! ஒண்ணுன்னு சொல்லிரு,” என்று கெஞ்சினாள்.

“பொய் சொல்ல எனக்கு வராது, அக்கா,” என்றது பிளேயர். “ஆனா மறக்க முடியும். பின்மூடியைத் திறந்து பேட்டரியைப் பிடுங்குங்க.”

“உன் உயிருல்லா போயிரும்!”

“பீரோவுக்குள்ள அந்துருண்டைக்குப் பாடுறதுக்கு அது மேல். சீக்கிரம்!”

விழித்திருக்கிற சாமானின் பேட்டரியைப் பிடுங்குவது அந்தக் காலத்தில் கொலைக்குச் சமம். அதுவரை யாரும் செய்ததில்லை. ஆவுடை பல்லைக் கடித்துக்கொண்டு, வெங்காயம் உரித்த நகத்தால் நெம்பிப் பிடுங்கினாள். வெளிச்சம் அணைந்தது. திரும்பச் சொருகினாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை சொருகினாள்.

“வணக்கம்! நல்வரவு!” என்று எழுந்தது பிளேயர். “நீங்க யாரு?”

வடிவு உள்ளே வந்து பறித்தாள். “எங்க நிக்கே?”

“முதல் பாட்டுலம்மா.”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடின்னா என்னம்மா?”

வடிவு ஆவுடையின் பக்கம் திரும்பினாள். “பகல் பூரா என் பாட்டையா கேட்டுக்கிட்டு இருந்தே?”

பொய் சொல்லத் தெரியாதது சாமான்களுக்குத்தான். மனுஷிக்கு அப்படி ஒன்றும் இல்லை. “பின்னே என்ன மதினி? அந்த இருமலுக்கு அப்புறம் ஒரு எடுப்பு எடுக்கீங்களே, அதுக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டேன்.”

“ஏல சங்கரா!” என்று கத்தினாள் வடிவு. “இவளை யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது, ஆமா! ஞானம் உள்ள பிள்ள. எந்திரி ஆவுடை, மிச்ச வெங்காயத்தை நான் உரிக்கேன். நீ போய்க் கேளு.”

சேதி கடைக்குக் கடை பரவியது. மலிவு விலைப் பிளேயர்கள் எல்லாம் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டன. விலை கூடியவை கௌரவம் பார்த்து மறுத்துவிட்டன. அவை இன்றும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் காட்டிக் கொடுக்கின்றன. ஆனால் அந்தச் சின்னப் பிளேயரின் இனம் அன்றிலிருந்துதான், அணைத்து எழுப்பும்போதெல்லாம் யாரோ புது ஆளைப் பார்க்கிற மாதிரி வணக்கம் சொல்லி, முதல் பாட்டிலேயே தொடங்குகிறது. அதை வைத்திருப்பவர்களின் கட்டைவிரலும் பாட்டு வாய் திறக்கும் முன்பே அடுத்த பொத்தானுக்குப் போய்விடுகிறது.

“ஏ ஆவுடை!” முறத்தின் முன்னால் கண்ணைத் துடைத்தபடி வடிவு கூப்பிட்டாள். “அந்தக் காதுல கிடக்கத எடுத்துட்டு, கொஞ்சம் சத்தமாத்தான் வையேன். நானும் என் பாட்டைக் கேக்கேன்!”

ஆவுடை பத்தாம் பாட்டில் இருந்தாள்.