மணலுருண்டையில் ஒரு கடல்

அந்தக் காலத்தில் நண்டும் மனிதரும் முறை சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அப்போது ஈர மணலில் வளை தோண்டிக் குடியிருந்த ஒரு சின்ன நண்டுக்கு ஒரு வித்தை தெரியும். கடலைத் துண்டு துண்டாக மனசுக்குள் பிரித்து, துண்டுக்கு ஓர் உருண்டையாக மணலை உருட்டி வளையைச் சுற்றி அடுக்கும். பிறகு ஒவ்வோர் உருண்டையிடமும் போய், "உனக்கு எந்தப் பக்கத்துத் தண்ணி வந்துச்சு? நீ யார் பக்கம் தள்ளினே?" என்று கேட்கும். கேட்டு முடித்தால், மிதக்கிற பொருள் எங்கே ஒதுங்கும் என்று சொல்லிவிடும்.

ஆனால் தண்ணீர் ஏறும்போதெல்லாம் அலை அத்தனையையும் அழித்துவிடும். உருட்டி உருட்டி நண்டுக்குக் கால் வீங்கிப்போயிற்று.

"கடலம்மா, இந்த ஒரு தடவை என் அடுக்கைத் தொடாமப் போயேன்."

"நான் நின்ன இடத்துல நிக்கிறவளா? பழசை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே?" என்றாள் கடல். ஆனாலும் அந்தக் காலைப் பார்த்து மனசு இளகி, எட்டவே நின்றுகொண்டாள். நண்டு நிம்மதியாகத் தூங்கிற்று. அது தூங்கும்போது வடக்கிலிருந்து வீசிய வாடைக்காற்று ஓய்ந்து, தெற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பியது அதற்குத் தெரியாது.

விடிந்ததும் கரையில் குடியிருந்த மீனவப் பெண் பூங்காவனம் ஓடிவந்தாள். ராத்திரி மீன்பிடிக்கக் கூடப் போனவர்கள் கரையேறிவிட்டார்கள். பாய் கிழிந்து அவள் புருஷன் தேசப்பனின் கட்டுமரம் மட்டும் கண்ணுக்கு மறைந்துவிட்டதாம்.

"அண்ணே, எந்தப் பக்கம் தேடுறது?"

நண்டு நேற்றைய உருண்டைகளைக் கேட்டது. "தெக்கே, தங்கச்சி."

கொழுந்தன்மாரோடு தெற்கே போனவள் உச்சிவெயிலில் வெறுங்கையோடு திரும்பினாள். அவர்கள் மரத்தின் முன்முனையில், அணியத்தில் உட்கார்ந்திருந்த கடற்காக்கை நண்டைப் பார்த்துச் சொன்னது: "காத்து மாறி எம்மாம் நேரமாச்சு. நீ நேத்துக் குழம்பையே சுடவச்சு ஊத்துறே."

நண்டு தன் அடுக்கைத் தானே எட்டி உதைத்தது. "கடலம்மா, வா. வந்து எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போ."

கடல் வந்து அழித்துவிட்டுப் போனாள். தண்ணீர் கசிந்துகொண்டிருந்த புது மணலில், வீங்கிய காலோடு நண்டு முதலிலிருந்து உருட்டியது. ஓர் உருண்டை விடாமல் கேட்டது.

"வடக்கே, தங்கச்சி. ஆத்து முகத்துவாரத்துல தண்ணி சுழிச்சு நிக்குது. அங்கே பாருங்க."

பொழுது சாயும்முன் தேசப்பனைக் கொண்டுவந்தார்கள். கட்டுமரத்தோடு தன்னைக் கட்டிப்போட்டிருந்தான். உதடு வெடித்திருந்தது, உயிர் இருந்தது. அவன் வாயில் கஞ்சித் தண்ணியை ஊற்றிவிட்டுப் பூங்காவனம் வளைக்கு வந்தாள். நண்டு உள்ளேயே பதுங்கியிருந்தது.

"வெளியே வா அண்ணே. கால் வலின்னு செத்த நேரம் உக்காந்தே. அவ்வளவுதானே."

"இனிமே நேத்து உருண்டையைக் கேக்க மாட்டேன், தங்கச்சி," என்றது நண்டு.

அன்று முதல்தான், அலை ஏறி வந்து தன் உருண்டைகளையெல்லாம் கரைத்தாலும் அந்தச் சின்ன நண்டு ஒரு வார்த்தை முனகுவதில்லை. தண்ணீர் இறங்கியதும் வெளியே வந்து, முதல் உருண்டையிலிருந்து மறுபடி தொடங்கிவிடுகிறது.