நொய்மைக்கு எதிர்ச்சொல்

அங்கயற்கண்ணி அம்மையாரிடம் தமிழ் படிக்க வந்தவர்களில் மாசிலாமணிதான் மூத்தவர். ஆசிரியரைவிடவும் மூத்தவர். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இடி விழுந்தாலும் இமைக்காத ஆள் என்று ஊரில் பேர். அந்தப் பேரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று பாடம் தொடங்கும் முன்பே கேட்டார்.

“அம்மா, நொய்மைக்கு எதிர்ச்சொல் என்ன?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“மகளுக்குச் சொல்லணும். பெத்த குழந்தை தங்காமப் போனதிலேருந்து சோறு தண்ணி இல்லாமக் கிடக்கா. திடமா இரு, உறுதியா இருன்னு சொல்லிப் பாத்துட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கிறா. இன்னும் பலமான சொல்லா ஒண்ணு வேணும்.”

பாவம், மனுஷர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். அம்மையார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

“நொய்மைக்கு வேர் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

அடுக்களைக்குக் கூட்டிப் போனார். முறத்தில் அரிசி புடைத்து வைத்திருந்தது. ஓரமாக ஒதுங்கிக் கிடந்த குருணையைக் காட்டினார்.

“இது என்ன?”

“நொய். உடைஞ்ச அரிசி. கோழிக்குப் போடுவோம்.”

“அதுதான் வேர். காய்ச்சல்ல கிடக்கறவங்களுக்கு என்ன கொடுப்பீங்க?”

“கஞ்சி.”

“எந்த அரிசியில?”

மாசிலாமணி முறத்தைப் பார்த்தார். “நொய்யிலதான்.”

“ஏன்? வீட்டுல முழு அரிசி இல்லையா?”

“இருக்கும்மா. தொண்டையில இறங்காதே.”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

அம்மையார் நொய்யைக் களைந்து அடுப்பில் வைத்தார். சீக்கிரமே குழைந்துவிட்டது. தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“பேரப்பிள்ளைக்காக நீங்க அழுதீங்களா?”

“அவ எதிர்ல எப்படிம்மா? கொல்லைப்பக்கம் போய்த்தான்…”

“அது அவளுக்குத் தெரியுமா?”

“தெரிய விடலை.”

அம்மையார் தூக்குவாளியை நீட்டினார்.

“கொண்டு போய் நீங்களே ஊட்டுங்க.”

வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார்.

“அவ முகத்தைக் கிட்டப் பாத்தா உடைஞ்சிடுவேன்மா. கண்ணீர் கஞ்சியில விழுந்துடும்.”

“விழட்டும். நான் இன்னும் உப்புப் போடலை.”