சீட்டில் வந்த தலைவர்

"நான் ஜெயிச்சேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

செருப்பைக் கழற்றும்போதே ஆவுடையப்பன் கேட்டுவிட்டார்.

இசக்கியம்மன் கோயிலில் பூசை வைக்கும் உலகம்மை அவரைவிட இளையவள். ஆனாலும் மனக்குழப்பம் என்றால் ஊர் அவளிடம்தான் வரும்.

"ஊரே மாலை போட்டுச்சே அண்ணாச்சி?"

"அது சீட்டுக்குப் போட்ட மாலை. பஞ்சாயத்துத் தேர்தல்ல எனக்கும் சங்கரபாண்டிக்கும் ஓட்டு சமம். ரெண்டு பேர் பேரையும் சீட்டுல எழுதி டப்பாவில போட்டுக் குலுக்கினாங்க. என் பேர் வந்துச்சு. இப்போ டீக்கடைக்குப் போனா, 'சீட்டுத் தலைவருக்கு ஒரு டீ'ங்கிறான்."

"டீ குடுக்கிறான்ல?"

"நாளைக்குக் காலையில பதவியேற்பு. அதிர்ஷ்டத்தில கிடைச்ச நாற்காலியில எப்படி உட்கார? வேண்டாம்னு சொல்லிரட்டுமா?"

"சீட்டை விடுங்க. அதிர்ஷ்டம் கலக்காத ஓட்டு ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார்.

"தெற்குத் தெரு மாடத்தி. அவ ஆடு கிணத்துல விழுந்தப்போ நான்தான் இறங்கித் தூக்கினேன். அது என் உழைப்பு."

"அந்தப் பக்கம் ஏன் போனீங்க?"

"பஸ்ஸை விட்டுட்டேன். குறுக்கு வழியா நடந்தேன்."

"அப்போ டிரைவருக்கும் ஒரு மாலை வாங்கிப் போடுங்க."

அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"விளையாடாதீங்கம்மா. பூக்கட்டிப் பார்த்திருவோம். வெள்ளை வந்தா ஏத்துக்கிடுதேன். சிவப்பு வந்தா விலகிருதேன்."

"சீட்டு பிடிக்கலை. பூ பிடிக்குது."

அவர் பூத்தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

உலகம்மை வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் மடித்துக் கட்டினாள். அம்மன் காலடியில் உருட்டி வைத்தாள்.

அவர் கண்ணை மூடி ஒன்றை எடுத்தார்.

வெள்ளை.

"சரி, ஏத்துக்கோங்க."

"ஒரு தடவை பார்த்தாப் போதுமா?"

மறுபடியும் கட்டினாள். மறுபடியும் எடுத்தார்.

சிவப்பு.

"சரி, விலகிக்கோங்க."

"அது எப்படி? ஒண்ணுக்கு ஒண்ணு சமமாயிட்டே!"

"உங்க ராசி அப்படி. எதுவும் சமமாத்தான் விழும்."

மூன்றாவது தடவையும் கட்டி வைத்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் பிரிக்கப் போனார். உலகம்மை குறுக்கே கை நீட்டினாள்.

"இங்க பிரிச்சா நாலாவது கேப்பீங்க. சட்டைப் பையில வச்சுக்கோங்க. வேற வேலை இல்லாத நேரமாப் பிரிங்க."

ஆவுடையப்பன் கும்பிட்டுவிட்டு நடந்தார். விரல் பையை விட்டு வரவே இல்லை.

வடக்குத் தெரு முனையில் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. குடிதண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது. காலிக் குடங்களோடு பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

குழிக்குள் முழங்கால் சேற்றில் நின்று, ஒருவர் குழாயைக் கட்டிப் பிடித்திருந்தார். சங்கரபாண்டி.

"வாரும் சீட்டுத் தலைவரே! வேடிக்கை பாக்கவா வந்தீரு?"

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு, பழைய டியூப் ஒன்றைக் கீறித் தரச் சொன்னார். குழிக்குள் குதித்தார்.

ஒருவர் குழாயை அமுக்க, ஒருவர் டியூப்பைச் சுற்றினார். இரண்டு பேர் முகத்திலும் தண்ணீர் சமமாகத்தான் அடித்தது.

"இன்னும் இறுக்கும்வே."

"நீரு முதல்ல ஆடாம நில்லும்."

தண்ணீரின் வேகம் குறைந்தது. சங்கரபாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"அது என்னவே, பையில பொட்டலம்?"

"பூ. நாளைக்கு நான் பதவி ஏக்கணுமா, வேண்டாமான்னு அம்மன்கிட்ட கேட்டேன்."

சங்கரபாண்டி குழாயை விட்டே விட்டார். தண்ணீர் மறுபடியும் சீறிக் கிளம்பியது.

"என்ன சொல்லிச்சு? வெள்ளையா, சிவப்பா?"

"அதுக்கு இப்போ எங்கவே நேரம்? குழாயைப் பிடியும், ஊர்த் தண்ணி வீணாப் போகுது!"