நுரையைப் பார்த்து மதகை மூடிய குரங்கு

குளிர்மலைக் காட்டின் நடுவில் ஒரு கொதிப்பாறை இருந்தது. யாரும் தீ மூட்டாமலே அது உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றி ஆழமான குழி. மேலே ஓடும் ஓடையிலிருந்து வரத்து மதகு வழியாகக் குளிர்ந்த தண்ணீர் அந்தக் குழிக்குள் விழும். சூடான தண்ணீர் பக்கத்து வாய்க்கால் வழியாகக் குளியல் குட்டைக்குப் போகும். மார்கழிக் குளிரில் காட்டிலுள்ள குட்டிகளெல்லாம் அந்தக் குட்டையில்தான் கிடக்கும். எழுந்து வா என்றால் எதுவும் வராது!

தண்ணீர் மூடியிருக்கும்வரை பாறை சாது. தண்ணீர் இறங்கிவிட்டால் வெடித்துவிடும். அடிவாரத்தில் ஒரு வளையும் மிஞ்சாது.

அதைக் காவல் காக்க ஒரு வேங்கை மரத்தின் மேல் பரண் கட்டியிருந்தார்கள். பரணிலிருந்து ஒவ்வொரு மதகுக்கும் ஒரு கொடி போகும். மொத்தம் எட்டுக் கொடிகள். இழுத்தால் மதகு திறக்கும், மறுபடி இழுத்தால் மூடும்.

பரணை அமைத்தது அலங்காரம் என்ற மயில். எட்டுக் கொடியும் ஒரே நீளம், ஒரே பச்சை, நுனியில் ஒரே மாதிரிப் பூ. "தூரத்திலிருந்து பாருங்கள், தோகை விரித்த மாதிரி இல்லை?" என்று எல்லோரையும் கூட்டி வந்து காட்டியது. கிட்டே உட்கார்ந்து இழுக்கப் போகிறவனை மட்டும் அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபத்தைச் சொல்ல நாற்பது மைனாக்களையும் வைத்தது. தண்ணீர் இறங்கினாலும் கத்தும், இலை விழுந்தாலும் கத்தும். மதகின் நிலையைச் சொல்லப் பரணிலேயே சொர்ணம் என்ற கிளி.

பரணில் உட்காருபவன் தாண்டவன் என்ற குரங்கு. நல்லவன், சுறுசுறுப்பானவன். அவனுக்குப் பயிற்சி கொடுத்ததும் அலங்காரம்தான், அதுவும் சித்திரை வெயிலில், காற்றுகூட அசையாத ஒரு மதியத்தில்.

"நுரை விளிம்பைத் தொட்டால் என்ன அர்த்தம்?"

"தண்ணீர் மிதமிஞ்சிவிட்டது, ஐயா!"

"என்ன செய்வாய்?"

"வரத்து மதகை மூடுவேன், ஐயா!"

"பலே! நூற்றுக்கு நூறு!"

பயிற்சி அவ்வளவுதான். ஒப்பித்தான், தேறினான்.

அந்த மார்கழியில் பருவம் தப்பி ஒரு பெருமழை கொட்டியது. குழி நிரம்பியது. தாண்டவன் அடியிலிருந்த வடிகால் மதகைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டான். போதும் என்றதும் அதே கொடியை மறுபடி இழுத்தான்.

"வடிகால் மூடியாச்சு!" என்றது சொர்ணம்.

தாண்டவன் நிம்மதியாக ஓர் இலந்தைப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

ஆனால் மதகு மூடவில்லை. வெள்ளத்தில் வந்த ஒரு மரக்கட்டை கதவுக்குக் கீழே சிக்கிக்கொண்டது. தண்ணீர் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் குழி நுரைத்துப் பொங்கியது. நாற்பது மைனாக்களும் ஒன்றாகக் கத்தின. எது எதற்காகக் கத்துகிறது என்று அதனதன் அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது! தாண்டவன் எட்டிப் பார்த்தான். நுரை விளிம்பைத் தொட்டிருந்தது.

"தண்ணீர் மிதமிஞ்சிவிட்டது!" என்று சொல்லிக்கொண்டே வரத்து மதகையும் மூடிவிட்டான்.

அடிவாரத்தில் நீலாயி என்ற நீர்நாய் நாலு குட்டி போட்டிருந்தாள். ஒன்றுக்கும் இன்னும் கண் திறக்கவில்லை. மூடிக் கிடக்க வேண்டிய வடிகாலில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக் காலை வைத்தாள். சுட்டது! ஒரே ஓட்டமாகப் பரணுக்கு ஏறினாள்.

"டேய் தாண்டவா! வடிகாலை ஏன்டா திறந்து போட்டிருக்கிறாய்?"

"அது மூடி ரொம்ப நேரம் ஆச்சு அக்கா. வேண்டுமானால் சொர்ணத்தைக் கேளுங்கள்."

"மூடியாச்சு!" என்றது சொர்ணம்.

"என் வாசலில் வெந்நீர் ஓடுகிறதடா!"

"இருக்காது அக்கா. குழி ததும்பி வழிகிறது, பாருங்கள்! அதனால்தான் வரத்தையும் அடைத்துவிட்டேன்."

நீலாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"வரத்தையும் அடைத்தாயா? அட மண்டு! பால் பொங்குகிறபோது பாத்திரம் நிறைந்த மாதிரிதான் இருக்கும். நுரை அடங்கினால் பாதிகூட இருக்காது. நீ பார்த்தது தண்ணீரையா, நுரையையா?"

இது தாண்டவன் படித்த பாடத்தில் இல்லை.

நீலாயி கிளியின் பக்கம் திரும்பினாள். "ஏன்டி சொர்ணம், மதகு மூடியதை உன் கண்ணால் பார்த்தாயா?"

"நான் எங்கே பார்த்தேன்? இங்கிருந்து மதகு தெரியவே தெரியாதே! கொடி அசைந்தால் சொல் என்றார் அலங்காரம். அசைந்தது, சொன்னேன்."

"என் குட்டிகள் நாலும் கீழே கிடக்கின்றன தாண்டவா. பாறை வெடிப்பதற்குள் ஒன்றைத்தான் என்னால் தூக்க முடியும். எதைத் தூக்கட்டும், நீயே சொல்!"

தாண்டவன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. மரத்திலிருந்து குதித்து ஓடினான். ஒரு நீளமான மூங்கிலை நுரைக்குள் விட்டுத் தரையைத் தொட்டு எடுத்தான். நுனியில் ஒரு சாண்தான் நனைந்திருந்தது. நுரைக்கு நடுவில் பாறையின் உச்சி சிவந்துகொண்டிருந்தது.

"ஐயோ அக்கா, தண்ணீரே இல்லை!"

மறுபடி பரணுக்குத் தாவினான். எட்டுக் கொடியும் மழையில் நனைந்து ஒன்றுபோலத் தொங்கின. ஒன்றை இழுத்தான். அது குளியல் குட்டைக் கொடி! இன்னொன்றை இழுத்தான். அதுவும் வேறு. காதருகே நாற்பது மைனாக்கள்.

"வாயை மூடுங்கள் எல்லோரும்!" என்று நீலாயி போட்ட அதட்டலில் காடே அடங்கியது. அந்த அமைதியில் தாண்டவன் கொடிகளை வரிசையாக எண்ணி மூன்றாவதைப் பிடித்து இழுத்தான்.

"வரத்து திற..." என்று ஆரம்பித்தது சொர்ணம்.

"நீ சும்மா இரு!" என்று சொல்லிவிட்டு அவன் ஓடையை எட்டிப் பார்த்தான். குளிர்ந்த தண்ணீர் குழிக்குள் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழே இறங்கினான். வடிகாலில் சிக்கியிருந்த கட்டையை மூங்கிலால் நெம்பினான். உள்ளங்கை வெந்துபோயிற்று, விடவில்லை. கட்டையின் மறுமுனையை நீலாயி பல்லால் கவ்வி இழுத்தாள். கட்டை பிய்த்துக்கொண்டு வந்தது. மதகு மூடியது. தண்ணீர் ஏற ஏறப் பாறையின் சிவப்பு கறுத்து அடங்கியது.

நீலாயி வளைக்குள் ஓடிக் குட்டிகளை எண்ணினாள். நாலு. மறுபடி எண்ணினாள். நாலுதான். அதன் பிறகுதான் வெளியே வந்து, தாண்டவனின் வெந்த கையில் சோற்றுக்கற்றாழையைப் பிழிந்து தடவினாள். தடவும்போதே தலையில் ஒரு குட்டும் வைத்தாள்.

மறுநாள் கூட்டம் கூடியது.

"என் பரணில் ஒரு குறையும் இல்லை! குரங்குதான் மக்கு. அவனை நீக்குங்கள்!" என்றது அலங்காரம்.

"அப்படியா? கொஞ்சம் ஏறி உட்காருங்கள் ஐயா," என்றாள் நீலாயி. "மைனாக்களே, கத்துங்கள்! ஐயா, வரத்து மதகை இழுங்கள் பார்ப்போம். சீக்கிரம்! சீக்கிரம்!"

அலங்காரம் பதறி ஒரு கொடியை இழுத்தது. குளியல் குட்டையில் பச்சைத் தண்ணீர் பாய்ந்து, சொகுசாகப் படுத்திருந்த பன்றிக்குட்டிகள் வீறிட்டுக்கொண்டு ஓடின. காடே சிரித்தது. அலங்காரம் தோகையை மடக்கிக்கொண்டது. பாவம், அதற்கும் பாடம் நடத்த ஆளில்லை.

பிறகு வேலை நடந்தது. வரத்துக் கொடியில் சொரசொரப்பான பட்டை சுற்றினார்கள், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும். வடிகால் கொடியில் முடிச்சுகள் போட்டார்கள். முப்பத்தெட்டு மைனாக்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொர்ணத்தை மதகுக்கு எதிரேயுள்ள கிளையில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு கொடிக்கும் இடம் குறிக்கும் முன்பு அலங்காரம் தாண்டவனிடம், "இது கைக்கு எட்டுகிறதா தம்பி?" என்று கேட்டது.

பயிற்சியை நீலாயி எடுத்துக்கொண்டாள். மாதத்தில் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல், ஏதாவது ஒரு மதகில் ஒரு கட்டையைச் செருகிவிடுவாள். குழிக்கு ஆபத்து வராமல் பக்கத்திலேயே காவலும் இருப்பாள். என்ன கோளாறு என்று தாண்டவனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

"இன்றைக்கு மழைகூட இல்லையே அக்கா!" என்று அவன் சிணுங்குவான்.

"மழை வந்த பிறகா கற்றுக்கொள்வாய்? இறங்கடா கீழே!" என்பாள் அவள்.

செய்துவிட்டோம் என்பதாலேயே காரியம் நடந்துவிடாது. நடந்ததா என்று கண்ணால் பார்ப்பவனும், கெட்ட நாளுக்கு வேண்டியதை நல்ல நாளிலேயே பழகி வைப்பவனும்தான் தன்னையும் தன் ஊரையும் காப்பாற்றுவான்.