ஒரு கிழங்குக்கு ஒரு சார்ஜ்

காட்டில் எல்லோரும் பேட்டரி வண்டிக்கு மாறிவிட்டார்கள். முயல் தும்பையும் ஒன்று வாங்கினாள். ஆனால் சார்ஜ் போட ஒரே இடம்தான். ஓடைக்கரையில் மொந்தன் கரடி வைத்திருந்த நிலையம்.

ஒரு சார்ஜுக்கு இரண்டு கிழங்கு. ஒன்று கரடியின் வயிற்றுக்கு, மற்றது கம்பி இழுக்கும் குரங்குகளுக்கு. மலைக் கணவாயில் இன்னொரு நிலையம் வைக்கப் பாதித் தூரம் கம்பி போயிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம்தான் கீரி வைத்தியர் இருந்தார்.

அந்தக் காட்டில் எதற்கும் விலை வைப்பது கூச்சல்தான். பாறையடியில் கூடுவார்கள். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ, அந்தப் பக்கம் ஜெயிக்கும். நல்ல வழக்கம், போங்கள்!

"இரண்டு கிழங்கா? பகல் கொள்ளை!" என்று நரி ஆரம்பித்தது.

"ஒன்று! ஒன்றே ஒன்று!" தும்பை தொண்டை கிழியக் கத்தினாள்.

"தும்பை, ஒன்று வாங்கினால் நான் சாப்பிடலாம். குரங்குகளுக்கு எதைக் கொடுப்பேன்? கணவாய் வேலை நின்றுவிடும் தாயி!" என்றது கரடி.

"கணவாய்க்கு யார் போகிறார்கள்? எங்கள் தலையில் மிளகாய் அரைக்காதே அண்ணே! முதலில் உன் தொப்பையைக் குறை!"

எல்லோரும் சிரித்தார்கள். விலை ஒன்றானது. தும்பைக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுநாளே குரங்குகள் கம்பியைப் பாதியில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டன.

கோடையில் ஒரு பகல், தும்பையின் குட்டியைப் பாம்பு கடித்தது. ஐயோ, அவள் துடித்த துடிப்பு! குட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு மலை ஏறினாள். வண்டியில் முழு சார்ஜ் இருந்தது. ஆனால் அந்த ஏற்றத்துக்கு அது எந்த மூலைக்கு? கணவாயில் வண்டி அசையாமல் நின்றுவிட்டது.

குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"இதோ, வந்துவிட்டோம் கண்ணு!"

அதற்குப் பிறகு குட்டி எதுவும் கேட்கவில்லை.

கீரி வைத்தியர் தொட்டுப் பார்த்தார். "கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா அம்மா?" என்றார்.

அழுது வீங்கிய கண்களோடு தும்பை ஓடைக்கரைக்கு வந்தாள். "அண்ணே, மூன்று கிழங்கு தருகிறேன். கணவாயில் ஒரு நிலையம் வையுங்கள்."

"வைக்கிறேன் தாயி," என்றது கரடி. அவள் முகத்தைப் பார்க்கக் கரடியால் முடியவில்லை.

விலையைக் குறைத்துவிட்டோம் என்று குதிக்கும் முன், அந்த விலையில் நாளைக்கு நமக்கு எது கிடைக்காமல் போகும் என்று யோசிக்க வேண்டும்.